இடது சீட்டில் இருந்தவள்

ஜூன் 12, வியாழன். மாலை 6.35.

முதலில் ஒரு திருத்தம். நேற்று இரவு கிறுக்கிய பக்கத்தில் "9.40-க்கு ராவிரி என்னை அழைக்க வந்தான்" என்று எழுதியிருக்கிறேன். தவறு. அவன் வந்தது 9.05-க்கு. 9.40 என்பது நான் வீட்டு வாசலில் இறங்கிய நேரம். அவசரமாகக் கிறுக்கியதில் இரண்டும் மாறிவிட்டன.

ஒரு நேரத்தைக்கூட ஒழுங்காகக் குறிக்கத் தெரியாதவள் மற்றதையெல்லாம் எப்படி ஒழுங்காகப் பார்த்திருப்பாள்? நியாயமான கேள்விதான். காலையிலிருந்து நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். பேய் இருக்கிறது, இல்லை என்று வாதாட எனக்குத் தெம்பு இல்லை. முதியோர் பராமரிப்பு மாலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையிலேயே எழுதுகிறேன். கண்டது, கேட்டது, மணி. ஊகம் என்றால் ஊகம் என்று குறிப்பிடுவேன்.

மே 24-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் கேன்டர்பரி சமவெளியில் ரோடுகள் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். காற்றைத் தடுக்க இரு பக்கமும் பைன் உயிர்வேலி, இரண்டு ஆள் உயரம். குறுக்கு ரோட்டில் ஒரு வண்டி வந்தால் கடைசி நொடியில்தான் தெரியும். வேலி முடிகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அதில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவில் கார்ப் பந்தயம் விடுகிறவர்களுக்கு அதற்கொரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவன் வலது பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வான். இடது பக்கம், இடது சீட்டில் இருப்பவரின் பொறுப்பு. முன்னால் சாய்ந்து இடைவெளியைப் பார்த்து "கிளியர்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் காலை எடுக்க மாட்டான். பின்னால் வருகிற வண்டிக்கு அதுகூடக் கிடையாது. முன் வண்டியின் பிரேக் விளக்கு எரியவில்லையென்றால் சந்தி கிளியர். அவ்வளவுதான். ஒருத்தி வாயை நம்பி இரண்டு வண்டி போகும்.

அன்று அந்த ஒருத்தி நான்.

ஓட்டியது ராவிரி, என் பெரியம்மா மகன். பின் வண்டியில் கேலம். அவனுக்கு இடது சீட்டில் ஜோசி. ஜோசியும் நானும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். பெட்ரோல் பங்கில் நின்று ஒரு பொட்டலம் சிப்ஸை நான்கு பேரும் பிரித்துத் தின்றோம்.

"உங்க வண்டிய ஆடு ஓவர்டேக் பண்ணும்," என்றாள் ஜோசி. "வேணும்னா பின்னால இருந்து தள்ளி விடறோம்."

"எங்க நம்பர் பிளேட்ட நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ," என்றேன். "வீடு போற வரைக்கும் அதைத்தான் பாக்கப் போற."

"மெரி, நீ அவன உசுப்பேத்தாத," என்றான் கேலம். "அவன் ஏற்கெனவே அரைக் கிறுக்கு."

நான் உசுப்பேற்றினேன். "என்ன ராவி, கேலம்கிட்ட தோத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காரப் போறியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜோசியும்.

மூன்றாவது சந்தி. இரவு 9.22. ஸ்பீடோமீட்டர் முள்ளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். 148. தலையை நிமிர்த்தவில்லை. இடைவெளியைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"கிளியர்."

இடது பக்கமிருந்து ஒரு பிக்கப் டிரக் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்திருக்கலாம். நாங்கள் தாண்டிவிட்டோம். கேலம் பிரேக் விளக்கைப் பார்த்தான். எரியவில்லை. வந்தான். பிக்கப்பைக் கண்டதும் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி வாய்க்கால் பாலத்தின் சிமென்ட் கட்டையில் மோதியது. கேலமுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஜோசி அங்கேயே போய்விட்டாள்.

போலீஸிடம் ராவி சொன்னான்: பந்தயமெல்லாம் இல்லை, சந்தியில் பிரேக் போட்டுப் பார்த்துத்தான் போனோம், கேலம்தான் துரத்தி வந்தான். நானும் அதையே சொன்னேன். போனில் இருந்த படத்தை அன்றிரவே அழித்தேன். கேலம் மட்டும் "முன் வண்டி பிரேக் போடல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்கிறான். யாரும் நம்பவில்லை. ஆறேழு வருடம் உள்ளே போவான் என்கிறார்கள்.

ஜோசியின் அடக்கத்தில் அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "நீயாவது தப்பிச்சியே கண்ணு," என்றார்.

என்னை மறுபடி விசாரிக்க வெள்ளிக்கிழமை, அதாவது நாளை, காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ராவி உள்ளே போவான். நானும் போகலாம். போகாவிட்டாலும் வழக்கு உள்ளவளை எந்த முதியோர் இல்லமும் வேலைக்கு வைக்காது. சொல்லாவிட்டால் நான்கு பேர் செய்ததைக் கேலம் ஒருவன் சுமப்பான்.

இனி நேற்று.

9.05. வகுப்பு வாசல். ராவியின் வண்டி. அவன் இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்தான். மரியாதைக்கு இல்லை. அந்த இடது கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கைப்பிடி போய் இரண்டு வருடமாகிறது.

"அம்மா வரேன்னாங்களே?"

"நான்தான் போறேன்னு சொன்னேன். ஏறு. வெள்ளிக்கிழமை விஷயம் பேசணும்."

அவன் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. இடது பக்கம் திருப்பினான். எங்கே போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ராவி, வேணாம். இறக்கி விடு."

"ஒரே ஒரு தடவை பாத்துக்கோ. எந்தக் கம்பத்துக்கிட்ட பிரேக் போட்டோம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். நீ உளறிடுவ."

"நாம எங்கயுமே பிரேக் போடல."

"இதத்தான் சொல்றேன். உளறிடுவ."

"இறக்கி விடு."

"எப்படி இறங்குவ? கதவத் திறக்க நான்ல வரணும்." சிரித்தான். கெட்டவன் இல்லை அவன். பயந்தால் அப்படித்தான் சிரிப்பான்.

9.14. அந்த ரோட்டில் திரும்பினோம். மூடுபனி. ஹெட்லைட் வெளிச்சம் இருபதடிக்கு மேல் போகவில்லை. வேகம் 50.

9.16. முதல் சந்தி. ராவி பிரேக்கை மிதித்தான். வண்டி மெதுவானதை உடம்பில் உணர்ந்தேன். என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் பின்னால் பனி சிவப்பாக வேண்டும்.

ஆகவில்லை.

"பிரேக் லைட் எரியுதா?"

"நேத்துதான் பாத்தேன். எரியுது."

மறுபடி பார்த்தேன். அவன் கால் மிதியில்தான் இருந்தது. பனி வெள்ளையாகவே இருந்தது. பல்ப் போயிருக்கலாம். இது ஊகம்.

அப்போது யாரோ சொன்னார்கள்.

"கிளியர்."

"உன்னை யாரு கேட்டா?" என்றான் ராவி. "அதான் நிறுத்தறேன்ல."

"நான் சொல்லல."

"மெரி. விளையாடாத."

நான் விளையாடவில்லை. குரல் என்னுடையதுதான். ஆனால் நான் சொல்லவில்லை.

9.19. இரண்டாவது சந்தி. என் பக்கக் கண்ணாடியில் இரண்டு ஹெட்லைட். நூறடி பின்னால். ராவி வேகத்தைக் குறைத்தான். அவை நெருங்கவில்லை. கூட்டினான். விலகவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை. இடது விளக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

கேலம் வண்டியில் இடது விளக்கு பழையது. மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

"பின்னால யாரு ராவி?"

அவன் நடுக்கண்ணாடியைப் பார்த்தான். "யாரும் இல்லையே."

"கிளியர்."

இந்த முறை கையை வாயில் வைத்துப் பார்த்தேன். உதடுகள் மூடியிருந்தன. பற்கள் கிட்டியிருந்தன.

ராவி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. பிரேக்கை மிதித்தான். முழுவதுமாக. முழங்கால் நேராகும்வரை.

முள் இறங்கியது. 40. 20. 0.

வேலி நிற்கவில்லை.

பைன் மரங்கள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. முள் பூஜ்யத்தில். மரங்கள் வேகம் பிடித்தன.

"நிறுத்து ராவி."

"நிறுத்திட்டேன்."

"ஓடுது..."

"நிறுத்திட்டேன் மெரி."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் இமைக்கவில்லை.

உடைந்த கைப்பிடியை இழுத்தேன். வராது என்று தெரியும். இழுத்தேன். ஜன்னல் இறக்கும் பிடியைச் சுற்றினேன். இரண்டு விரல் இறங்கி நின்றுவிட்டது. பனி உள்ளே வந்தது.

டிக்கியை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு உண்டு. எடை குறைய வேண்டும் என்று ராவி பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டான். பின்னால் ஸ்டெப்னியும் டூல்ஸ் பெட்டியும்தான். பெல்ட்டைக் கழற்றி இரண்டு சீட்டுக்கும் நடுவே நுழைந்தேன். வகுப்பில் போன வாரம், ஜூன் 4 அன்று, கொடுத்த வெளிர் நீல மேல்சட்டை போட்டிருந்தேன். அதன் பெயர் அட்டை சீட்டில் மாட்டி, சடக் என்று பாதியாக உடைந்தது.

பின்னால் போய் விழுந்தேன். இருட்டில் கயிற்றைத் தேடினேன்.

இல்லை.

மணி 9.21. டேஷ்போர்டில் பச்சையாகத் தெரிந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம்.

போன் வெளிச்சம்.

இடது சீட்டில் யாரோ இருந்தார்கள்.

நான் இப்போதுதான் எழுந்து வந்த சீட். தலை குனிந்திருந்தது. முடி விரிந்து தோளில் கிடந்தது. நான் தலையைத் தொட்டேன். என் முடி கொண்டையாக இருந்தது. வகுப்புக்குக் கொண்டை போட்டுத்தான் போக வேண்டும்.

மே 24 அன்று முடியை விரித்துவிட்டிருந்தேன்.

இடது பக்கம் வேலி முடிகிறது.

இடைவெளி.

வெளிச்சம்.

பிக்கப்.

இரண்டு கையாலும் இடது ஜன்னல் கண்ணாடியை அடித்தேன். "நிறுத்துங்க... நிறுத்துங்க..." முன்னால் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. பிக்கப் ஓட்டியவருக்குக் கேட்டது. கம்பளித் தொப்பி. வயதானவர். வாய் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார்.

"கிளியர்," என்றாள் அவள்.

நிமிராமல்.

பின்னால் திரும்பினேன்.

பனி வெள்ளையாகவே இருந்தது.

மஞ்சள் விளக்கு ஒடிந்து திரும்பியது...

சத்தம் வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வரப்போகிற சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

9.23. டிக்கி திறந்தது. ராவி போன் டார்ச்சோடு நின்றான்.

"நீ எதுக்குடி பின்னால போன?"

"எங்க இருக்கோம்?"

"முதல் சந்தி. நிறுத்தி ஆறு ஏழு நிமிஷமாச்சு. நீ பாட்டுக்குப் பின்னால தாவுன. கண்ணாடிய அடிச்சிக் கத்துன. நான் கூப்பிடறது காதுலயே விழல."

இறங்கிப் பார்த்தேன். முதல் சந்திதான். இன்ஜின் அணைந்திருந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. அவன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான்.

முன் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டான். "மெரி... நீ பின்னால கத்திட்டிருந்தப்ப, முன்னால பேசுனது யாரு?"

அவன் வண்டியைத் திருப்பி, நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக் கூட்டிவந்தான். 9.40-க்கு வீடு.

இன்று காலை 7.10-க்கு அவன் வீட்டுக்குப் போனேன். "பிரேக்க மிதி" என்றேன். ஏன் என்று கேட்காமல் மிதித்தான். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. பின் இடது ஜன்னலில் உள்பக்கம் இரண்டு உள்ளங்கைத் தடங்கள். என் கையை வைத்துப் பார்த்தேன். என்னுடையவைதான். இடது முன் சீட்டில் ஒன்றுமில்லை.

ஆக, எனக்கு ஏதோ ஆகியிருக்கிறது. மூன்று வாரமாக ஒழுங்காகத் தூக்கமில்லை. குற்றம் செய்தவள் குற்றம் நடந்த ரோட்டில் அடைபட்டால் மூளை எதையாவது காட்டும். ராவிக்கும் அதே பயம்தான். அவனுக்கும் அதே குரல் கேட்டிருக்கலாம். நோட்டில் "பிரமை?" என்று எழுதி, மதியம் கேள்விக்குறியை அடித்து நீக்கினேன்.

மாலை 4.10-க்கு என் வக்கீல் பிலிப்பா போன் செய்தார். இலவசச் சட்ட உதவியில் வந்தவர்.

"மெரியானா, சாட்சிகள் சொன்னதெல்லாம் இன்னைக்குத்தான் எனக்கு வந்துச்சு. பிக்கப் ஓட்டுன நெவிலோடதும் இருக்கு. இவ்வளவு பெரிய விஷயத்த என்கிட்ட ஏன் மறைச்ச?"

"என்ன விஷயம்?"

"நீ முன்னால இல்ல, பின்னால இருந்தேன்னு."

"புரியல."

"படிக்கறேன், கேளு."

அவர் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டேன். சொல்லுக்குச் சொல்:

"முன் வண்டியின் பின் ஜன்னலில் ஒரு இளம்பெண். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் இருந்தன. கொண்டை. வெளிர் நீல மேல்சட்டை, நர்ஸ் போடுவதுபோல். நெஞ்சில் வெள்ளைப் பெயர் அட்டை, பாதி உடைந்தது. என்னைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். முன் சீட்டில் இன்னொரு பெண். முகம் தெரியவில்லை. குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"இத அவரு எப்ப சொன்னாரு?"

"மே 25. ஞாயித்துக்கிழமை காலைல. விபத்து நடந்த மறுநாள்."

அந்தச் சட்டை எனக்குக் கிடைத்தது ஜூன் 4 அன்று. அட்டை உடைந்தது நேற்று இரவு.

"மெரியானா? இருக்கியா? போலீஸ் அது நீதான்னு நெனக்கிறாங்க. வண்டிய நிறுத்தப் பாத்த பொண்ணு. அப்படின்னா உன் மேல ஒண்ணும் வராது. முன்னால இருந்தவ யாருன்னுதான் இப்ப அவங்க கேள்வி. என்கிட்ட நேரா சொல்லு. பின்னால இருந்தது நீதானா?"

"நான்தான்," என்றேன். "ஆனா அன்னைக்கு இல்ல."

"அப்படின்னா?" என்றார்.

"முன்னால இருந்ததும் நான்தான்," என்றேன்.

"நீ நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, நாளை 9.45-க்குக் காவல் நிலைய வாசலில் நிற்பதாகவும் அதற்குமுன் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார்.

பேசினேன். 5.30-க்கு ராவியைக் கூப்பிட்டு நெவில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப பின்னால இருந்தேன்னே சொல்லிடு," என்றான்.

"சொன்னா நீ நிறுத்தாமப் போனேன்னு ஆயிடும்."

"நிறுத்தாமத்தானே போனேன்." குரல் உடைந்தது. "நான் போறேன் தங்கச்சி. கேலமும் போறான். நீயாவது வெளிய இரு. முன்னால எவளோ இருந்தா, பேரு தெரியாதுன்னு நான் சொல்லிக்கறேன்."

என் மீது அவனுக்கு இவ்வளவு பாசம் இருப்பது இன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு சொல் போதும். பின்னால் இருந்தேன். பொய்கூட இல்லை.

ஆனால் அப்படிச் சொன்னால், குனிந்த தலையோடு அந்த சீட்டில் இருப்பவள் யார்? அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

"வேணாம் அண்ணா," என்று போனை வைத்தேன்.

நாளை, வெள்ளி. 9.10 பஸ். 9.45-க்கு பிலிப்பா. 10.00 மணிக்கு உள்ளே. சொல்ல வேண்டியது: இடது முன் சீட்டில் இருந்தது நான். ராவியை உசுப்பேற்றியது நான். இடைவெளியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் கிளியர் என்றேன். எங்கள் வண்டியில் பிரேக் விளக்கு எரியவில்லை. கேலம் சொல்வது உண்மை.